மயிலாப்பூரில் வீடு வாங்குமுன்: கட்டடம் உங்களுடையது, மனை யாருடையது?

மயிலாப்பூரில் வீடு பார்க்கப் போனால் தரகர் முதலில் மொட்டை மாடிக்குத்தான் அழைத்துப் போவார். அங்கிருந்து கபாலீசுவரர் கோயில் கோபுரம் தெரிந்துவிட்டால் பேரத்தில் பாதி முடிந்தது என்பது அவருக்குத் தெரியும். நியாயமான ஆசைதான். வாசலில் கோலம், நடை தூரத்தில் குளம், விடியும்போதே திறந்துவிடும் காய்கறிக் கடை, வயதான அப்பா அம்மா துணையில்லாமல் போய்வரக்கூடிய தெரு. புறநகரில் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் இவை கிடைப்பதில்லை. இந்த ஆசையை நான் குறைத்துப் பேசப் போவதில்லை; எனக்கும் அது உண்டு.

ஆனால் பழைய சென்னையில் வீடு வாங்குகிறவர் கட்டடத்தின் வயதைக் கேட்பதற்கு முன்னால் தெருவின் பிறப்பைக் கேட்க வேண்டும். கோயிலைச் சுற்றி வளர்ந்த தெருவா, தோட்ட பங்களாவைக் கூறுபோட்டு வந்த தெருவா, ஏரியைத் தூர்த்து அரசாங்கம் போட்ட மனைப்பிரிவா? பத்திரத்தில் என்ன சிக்கல் வரும், மழைக்கு என்ன ஆகும், நாளைக்கு இடித்துக் கட்ட முடியுமா என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

கோயில் வீதிகளும் அடிமனையும்

மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் சென்னை என்ற நகரத்துக்கு மூத்தவை. ஆங்கிலேயர் கோட்டை கட்டத் தொடங்கியது 1640-ஐ ஒட்டி. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலிலோ பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. இவை ஊர்களாக இருந்து, பிறகு நகரத்தால் விழுங்கப்பட்டவை. ஊருக்கு நடுவே கோயில், அதைச் சுற்றி மாடவீதி, அதற்கு வெளியே தொழில்வாரியாகத் தெருக்கள் என்ற அமைப்பு இன்றும் அப்படியே தெரியும். அந்த அமைப்பில் நிலத்தின் பெரும் உடைமையாளர் கோயில். மனையைக் கோயிலோ, கோயில் காரியத்துக்கென எழுதிவைத்த கட்டளை எனும் அறக்கொடையோ வாடகைக்கு விடும். எடுத்தவர் தம் செலவில் வீடு கட்டிக்கொள்வார். மண் கோயிலுக்கு, சுவர் அவருக்கு. இதற்குத்தான் அடிமனை வாடகை என்று பெயர். மூன்று தலைமுறையாக அடிமனை கட்டி வாழும் குடும்பங்கள் மயிலாப்பூரில் சாதாரணம்.

இந்த வழக்கம் பட்டணத்தில் எவ்வளவு பரவியிருந்தது என்றால், இதற்கென்றே 1921-இல் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. அடுத்தவர் மனையில் வீடு கட்டியவரை வெளியேற்ற வேண்டுமானால் கட்டடத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். அதோடு, அவர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த மனையை எனக்கே விலைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்கவும் உரிமை இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் பலர் ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடாகக் கட்டினார்கள். 1996-இல் வந்த திருத்தம் கோயில் முதலான சமய நிறுவனங்களின் நிலங்களை அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கிவிட்டது. அன்றிலிருந்து அடிமனைக்காரரின் நிலை வேறு. வீட்டில் சொந்தக்காரர்போலத் தெரிவார். மனையில் அவர் வாடகைதாரர் மட்டுமே.

இப்படிப்பட்ட வீடுகள் விற்பனைக்கு வரும். ‘கட்டடம் மட்டும்’ என்று ஒரு பத்திரம், சுற்றுவட்டாரத்தைவிடப் பாதி விலை. வாங்குகிறவருக்கு அது அதிர்ஷ்டம்போலத் தோன்றும். சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்கவும் முடியாது, 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் முடியாது. மீறினால் அது செல்லாது. 12 வருஷத்துக்கு மேல் அனுபவத்தில் இருக்கிறேன், எதிரிடை அனுபவத்தால் எனக்கே பாத்தியம் என்ற வாதமும் எடுபடாது. கோயில் தன் நிலத்தை மீட்கப் போடும் வழக்குக்குக் காலவரம்பு கிடையாது என்று 109-ஆம் பிரிவு சொல்கிறது. அடிமனை வாடகையும் நம் தாத்தா காலத்துத் தொகையில் நின்றுவிடவில்லை. சந்தை நிலவரத்தை ஒட்டி நியாய வாடகை நிர்ணயிக்க 34-ஏ பிரிவு இருக்கிறது. திருத்தப்பட்ட வாடகையும் பழைய நிலுவையும் சேர்ந்து பல குடும்பங்களைத் திணற வைத்திருக்கின்றன. மலிவாக வாங்கியவர் அந்த நிலுவையையும் கூடவே வாங்குகிறார்.

2016 அக்டோபரிலிருந்து பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழகத்தில் நடைமுறையில் இருக்கிறது. கோயில் நிலம், வக்ஃப் நிலம் என்று குறிக்கப்பட்ட சர்வே எண்களில் உரிய அனுமதி இல்லாமல் பதிவு நடக்காது. இதனால் நல்லதும் உண்டு, தொல்லையும் உண்டு. கோயில் நிலம் கைமாறுவது தடைப்படுகிறது. அதே சமயம், ஒரு சர்வே எண்ணில் ஒரு துண்டு மட்டும் கோயிலுக்கு உரியதாக இருந்து, அந்த எண் முழுவதையும் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டால், பக்கத்துத் துண்டின் உண்மையான சொந்தக்காரரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மாட்டிக்கொள்கிறார். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே சர்வே எண்ணைக் கையில் வாங்குங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் எடுங்கள். அதில் ‘உரிமையாளர்’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அறநிலையத் துறை தன் இணையதளத்தில் கோயில் நில விவரங்களை வெளியிட்டிருக்கிறது, அதோடும் ஒப்பிடுங்கள். ஒரு நாள் வேலை.

திருவல்லிக்கேணியில் இன்னொரு அடுக்கு உண்டு. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ஐ ஒட்டி சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறியபின், அவரை ஒட்டி வந்தவர்களால் பேட்டையின் ஒரு பாதி வளர்ந்தது. 1795-இல் எழுந்த பெரிய மசூதியும் அதைச் சுற்றிய தெருக்களும் அப்படி வந்தவை. எனவே இங்கே கோயில் நிலத்தோடு வக்ஃப் நிலத்தையும் சேர்த்தே தேட வேண்டும். தனியாட்கள் அறை எடுத்துத் தங்கும் விடுதிகளான மேன்ஷன்களின் ஊர் என்பதால் வாடகைக்கு ஆள் கிடைப்பது சுலபம். வீட்டை முதலீடாகப் பார்ப்பவர்களுக்கு மயிலாப்பூரைவிடத் திருவல்லிக்கேணி பொருந்தும் என்பது என் எண்ணம். குடியிருக்க வருபவர்கள் மட்டும் தெருவின் அகலத்தை ஒருமுறை நடந்து பார்த்துக்கொள்ளட்டும்.

தோட்ட பங்களாக்களின் பிள்ளைகள்

லஸ் சர்ச் சாலை, ஆழ்வார்பேட்டை, கீழ்ப்பாக்கம் ஆகியவற்றின் கதை வேறு. கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரர்கள் கோட்டைக்கு வெளியே பல ஏக்கரில் தோட்டத்தோடு பங்களா கட்டினார்கள். பின்னாளில் அவற்றை வக்கீல்களும் நீதிபதிகளும் வணிகர்களும் வாங்கினார்கள். லஸ்ஸில் இருக்கும் பூங்கா, அதே சாலையில் இயங்கிய அமிர்தாஞ்சன் நிறுவனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத் தாங்குகிறது. அந்தப் பங்களா வாசிகள் எத்தகையவர்கள் என்பதற்கு அந்தப் பெயர் ஓர் அடையாளம். அடுத்தடுத்த தலைமுறையில் தோட்டம் மனையாகி, மனை அடுக்குமாடியாகிவிட்டது. இங்கே கோயில் நிலச் சிக்கல் குறைவு. குடும்பச் சிக்கல் அதிகம்.

ஒரு பெரியவர் வாங்கிய பங்களா, நாலு பிள்ளைகள், மூன்று பெண்கள், அவர்களில் இருவர் வெளிநாட்டில். விற்கிறவர் கையில் பழுப்பேறிய ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். அதில் பெண்களின் கையெழுத்து இருக்கிறதா? தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று மணமாகாமல் இருந்த மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் மணமான மகள்களுக்கும் அதை நீட்டித்தது. அப்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவாகி முடிந்துபோன பாகப்பிரிவினையை இது கலைக்காது. எனவே அந்தப் பழுப்புத் தாளின் தேதிதான் உங்கள் உயிர்நாடி. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்று சொன்னால், எல்லா வாரிசுகளும் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திடும்வரை பொறுத்திருங்கள். அமெரிக்காவில் இருக்கும் அத்தை ‘ஒண்ணும் சொல்லமாட்டா’ என்ற உறுதிமொழி போதாது. அத்தையின் பதிவு செய்த பொது அதிகாரப் பத்திரம் வேண்டும்.

உயில் வழியாக வந்த சொத்தானால் சென்னைக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. மாகாணத் தலைநகரம் என்பதால் பழைய பட்டண எல்லைக்குள் இருந்த சொத்தின் உயிலுக்கு உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் மெய்யானது என்ற நீதிமன்றச் சான்று, வாங்குவது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. நகர எல்லையைத் தாண்டினால் அப்போதும் அந்தக் கட்டாயம் இல்லை. ஆக, மயிலாப்பூரில் ஒரு பழைய உயில் கைக்கு வந்தால், அதன் கூடவே புரொபேட் எங்கே என்று கேட்க வேண்டும். காஞ்சிபுரத்து வக்கீல் பார்த்துச் சரி என்று சொன்ன சொத்தில் சென்னை வங்கி கடன் மறுத்தது என்றால், காரணம் பல சமயம் இதுதான்.

சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பொறுத்தவரை, பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975 முதலான பதிவுகள் கிடைக்கின்றன. 90 வருஷ வீட்டுக்கு இது போதாது. அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு ஏட்டைத் தேட வைக்க வேண்டும். தாய்ப்பத்திரத்தில் இருக்கும் கதவு எண்ணும் இன்றைய கதவு எண்ணும் ஒத்துப்போகாது. சென்னைத் தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு ஓடுகின்றன. தெருப்பெயரே மாறியிருக்கலாம். நான்கு எல்லைகளை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். ‘வடக்கே இன்னார் வீடு’ என்று எழுதியிருந்தால் அந்த இன்னார் வீடு இன்று எந்த அடுக்குமாடி என்று தெருவில் விசாரித்தாவது கண்டுபிடியுங்கள்.

ஏரிமேல் எழுந்த நகர்

ஜார்ஜ் டவுனைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கறுப்பர் பட்டணம் என்ற பெயரை மாற்றி, 1911-இல் ஜார்ஜ் மன்னரின் பட்டாபிஷேகத்தை ஒட்டி இந்தப் பெயரை வைத்தார்கள். வணிகத்துக்காகவே பிறந்த இடம். தரைத்தளத்தில் கடையும் மேலே கிடங்குமாக ஆகிவிட்டது. வீடுகள் பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் தொடர் கட்டுமானப் பகுதி என்பதால், பக்கத்து வீட்டை இடித்தால் உங்கள் சுவர் விரிசல் விடும். அங்கேயே தொழில் செய்கிறவர் தவிர மற்றவர்கள் குடியிருக்க வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

தியாகராய நகர் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு கிடந்த ஏரியை 1920களில் வடித்து, 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் துணையோடு திட்டமிட்டுப் போட்ட ஊர். நீதிக்கட்சி ஆண்ட காலம். பிட்டி தியாகராயர் பெயரில் நகர், பனகல் அரசர் பெயரில் பூங்கா, நடேசன் பெயரில் இன்னொரு பூங்கா. அரசாங்கமே அளந்து பிரித்த மனைகள் என்பதால் மூலப்பத்திரம் தெளிவு, தெருக்களும் அகலம். பத்திர நிம்மதிக்கு நடுச்சென்னையில் என் முதல் வாக்கு தி. நகருக்குத்தான்.

விலை வேறு வகையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஏரி போய்விட்டது, பள்ளம் போகவில்லை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தி. நகர்த் தெருக்களில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நுங்கம்பாக்கத்தில் இன்றும் ‘லேக் ஏரியா’ என்றே தெருக்களுக்குப் பெயர். 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்ததும் அந்த ஏரியின் மிச்சத்தில்தான். பக்கத்துத் தெருவைவிட ஓரடி தாழ்வான மனை என்றால் தரைத்தள வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். மயிலாப்பூரின் கோயிலைச் சுற்றிய பகுதி ஒப்பீட்டில் மேடு. குளங்களும் மணல் கலந்த மண்ணும் ஒரு பங்கு மழையை உறிஞ்சிக்கொள்கின்றன. கபாலி கோயில் குளமும் சித்திரக்குளமும் நிரம்பிய ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் மட்டம் ஏறுவதைத் தெருவில் உள்ள யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சதுர அடி எதற்கு?

தனி வீடு வாங்கும் வசதி இன்று மிகச் சிலருக்கே. பெரும்பாலானவர்கள் வாங்கப் போவது பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில் ஒரு வீடு. அங்கே கட்டடப் பரப்பைவிட, பிரிபடாத நிலப் பங்குதான் முக்கியம். எல்லோரும் யு.டி.எஸ் என்று சொல்வது அதைத்தான்.

எளிமையாக ஒரு கணக்கு. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. 2019-க்கு முன் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 1.5, அதாவது மனைப்பரப்பைப்போல ஒன்றரை மடங்கு, 3,600 சதுர அடி கட்டலாம். ஆளுக்கு 1,200 என்றால் மூன்று வீடுகள், நிலப்பங்கு ஆளுக்கு 800. 2019 விதிகளில் குறியீடு 2 ஆனது. இப்போது அதே மனையில் 4,800 சதுர அடி, நாலு வீடுகள், நிலப்பங்கு ஆளுக்கு 600. நடைமுறையில் கழிவுகளும் கூடுதல்களும் உண்டு. ஆனால் விஷயம் புரிய இது போதும்: 1,200 சதுர அடி பழைய வீடு வாங்குகிறவர் புதிய வீடு வாங்குகிறவரைவிட 200 சதுர அடி மண் கூடுதலாக வாங்குகிறார். பழையதை இடித்துக் கட்டும்போது மூன்று சொந்தக்காரர்களுக்கும் இருந்த அளவிலேயே வீடு கிடைத்து, பில்டருக்கு ஒரு வீடு மிஞ்சுகிறது. அந்த ஒரு வீட்டை விற்று நாலையும் கட்டும் செலவை எடுக்க முடியுமா? மயிலாப்பூர் விலையில் முடியக்கூடும். புறநகர் விலையில் முடியாது. நடுச்சென்னையின் பழைய அடுக்குமாடிகள் மதிப்பு குறையாமல் நிற்பதன் ரகசியம் இதுதான்.

முன்பு ஒரே ஒருவர் மறுத்தாலும் இடித்துக் கட்ட முடியாமல் நின்றுவிடும். 2022-இல் இயற்றி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்ககச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று மாற்றியிருக்கிறது. பழைய அடுக்குமாடியில் வாங்குகிறவருக்கு இது பெரிய ஆறுதல்.

புதிதாகக் கட்டும் இடத்தில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டால், அல்லது வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டால், வீடு, மனை விற்பனையைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு தேவையில்லை. இரண்டு கிரவுண்ட் என்பது சுமார் 446 சதுர மீட்டர். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் மனைகள் ஒரு கிரவுண்ட், இரண்டு கிரவுண்ட்தானே! ஆக, இங்கே நடக்கும் கட்டுமானத்தில் பெரும்பகுதி அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது. தாமதமானாலோ அளவு குறைந்தாலோ ரெராவில் முறையிடலாம் என்று நம்பி முன்பணம் கட்டாதீர்கள். வரைபட அனுமதி நகலும், நிலச் சொந்தக்காரருக்கும் பில்டருக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தமும் உங்கள் வக்கீல் கைக்கு வந்த பிறகு கட்டுங்கள்.

முற்றமும் திண்ணையும் உள்ள வீட்டை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவசமாக அடுக்கிச் சுண்ணாம்பில் பூசியிருப்பார்கள். உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுக்கும், வெளியே தெரியாது. சுத்தியலால் தட்டிப் பார்க்கத் தெரிந்த கொத்தனாரை அழைத்துப் போங்கள். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்து மினுக்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரையே தின்றுகொண்டிருக்கும். ஒரு மூலையில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருந்தால் அவர்கள் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறார்கள், எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உண்டா என்று கேளுங்கள். 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் போய், 2019 பிப்ரவரியில் புதிய சட்டம் வந்துவிட்டது. பழைய சட்டத்தில் தொடங்கிய வழக்குகள் அதனால் தானாக முடிந்துவிடவில்லை.

செலவுக் கணக்கில் பொதுவாக முத்திரைத்தாளுக்கு 7 சதவீதம், பதிவுக்கு 2 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். சாந்தோம் பக்கம் கடலை ஒட்டி வாங்குகிறவர்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மனை வருகிறதா என்று சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ) கேட்டுவிடுங்கள், வீடு வாங்கத் தடை இல்லை, இடித்துக் கட்டும்போது விதிகள் வேறு.

1997-இல் மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில் வந்தது. இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம், சிறுசேரி சிப்காட் வழித்தடமும் கலங்கரை விளக்கம், பூந்தமல்லி வழித்தடமும் திருமயிலையில் தரைக்கடியில் சந்திக்கப் போகின்றன. வேலை நடக்கும்வரை தூசும் போக்குவரத்து மாற்றமும் சகிக்க வேண்டும். அதன் பிறகு கார் இல்லாமல் வாழக்கூடிய இடம் இது. கார் இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள், பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று ஒருமுறை வந்து பார்க்கட்டும். அன்று வண்டி தெருவைவிட்டு நகராது. அதில் யாருக்கும் அங்கே வருத்தமும் கிடையாது.

முடிவெடுக்கும் முன் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள். அந்தத் தெருவில் எந்த வீட்டில் வழக்கு, எந்த வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றில் உப்புத் தண்ணீர், எந்தப் பிள்ளை விற்க வேண்டாம் என்று நிற்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால், எதிர்ச் சுவரில் கையை வைத்தே காட்டுவார்.